கோழிக்கு யார் டைரி கொடுத்தது?

ரிட்டையர் ஆனவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. யார் வேண்டுமானாலும் அவனுக்குப் புத்தி சொல்லலாம். ஆபீசில் இருந்தவரை என் மேஜைக்கு எதிரே நின்று "சார், அந்த ஃபைல்..." என்று இழுத்தவர்கள்கூட, இப்போது செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் பார்த்தால், "சும்மா உட்கார்ந்துடாதீங்க சார், வாழ்க்கையில ஒரு குறிக்கோள் வேணும்" என்கிறார்கள். ஒரு கையில் கத்தரிக்காய்ப் பையும் இன்னொரு கையில் குடையுமாக நிற்பவனிடம் குறிக்கோள் கேட்டால் அவன் எதைக் காட்டுவான்? வாடாத கத்தரிக்காயாகப் பொறுக்குவதுதான் இன்றைய குறிக்கோள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டுமாம்.

இந்தக் கூட்டணியில் என் மகனும் சேர்ந்துகொண்டான். அவன் பெங்களூரில் இருக்கிறான். அந்த ஊர் டிராபிக்கில் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். அப்படி யோசித்து, அப்பாவின் ஓய்வுக்காலத்தை அர்த்தமுள்ளதாக ஆக்கியே தீருவது என்று முடிவுகட்டி, ஒரு சனிக்கிழமை ஒரு புத்தகம், ஒரு டைரி, ஒரு வாட்சோடு வந்து இறங்கினான். புத்தகம், ஜேம்ஸ் கிளியர் எழுதி 2018-இல் வந்த 'அடாமிக் ஹாபிட்ஸ்'. தினம் ஒரே ஒரு சதவீதம் முன்னேறினால் போதும், வருஷக் கடைசியில் 37 மடங்கு மேம்பட்டிருப்பீர்கள் என்பது அதில் வரும் கணக்கு. கூட்டுவட்டிதான். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது.

"முப்பத்தேழு மடங்கா?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் என் மனைவி. "வேண்டாஞ்சாமி. இப்ப இருக்கிற ஒரு மடங்கையே என்னால சமாளிக்க முடியல."

டைரியில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. எழுந்த நேரம், குடித்த தண்ணீர், நடந்த தூரம், தியானம். கடைசியில் ஒரு பெரிய கட்டம்: இன்று நான் நன்றி பாராட்டும் மூன்று விஷயங்கள். முதல் நாள் நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: காலைக் காபி, மின்விசிறி, சாயங்காலக் காபி. மறுநாள் டைரி திறந்தபடி மேஜைமேல் கிடந்தது. அன்று சாயங்காலக் காபி வரவில்லை. காரணம் கேட்டதற்கு, "மின்விசிறியைப் போடச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அதிலிருந்து நன்றிக் கட்டத்தின் முதல் இடம், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, நிரந்தரமாக ஒருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

வாட்ச் வேறு ரகம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டில் விர்ரென்று அதிரும். எழுந்து நடக்கச் சொல்லும். எனக்கு இருந்த மேலதிகாரிகள்கூட உட்கார்ந்திருந்ததற்காக என்னைக் கண்டித்ததில்லை. தினம் 10,000 காலடி நடக்க வேண்டும் என்பது அதன் உத்தரவு. இந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியர் சொன்னது என்று துருவிப் பார்த்தால், வைத்தியர் யாரும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-இல், ஜப்பானில் ஒரு கம்பெனி காலடி எண்ணும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் காலடி மீட்டர்'. எண் முழுசாக, பார்க்க லட்சணமாக இருந்தது, உலகம் பிடித்துக்கொண்டது. ஆராய்ச்சியெல்லாம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

நானும் சாயங்காலத்தில் காந்தி ஸ்டேடியத்தைச் சுற்றினேன். சுற்றுவதில் சிரமம் இல்லை. சுற்றி முடித்து வீடு திரும்பும் வழியில் தட்டுவடை செட் வண்டி நிற்கிறது, அங்கேதான் சிக்கல். சேலத்துக்காரருக்கு விளக்க வேண்டாம், வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அகலத்துக்கு மொறுமொறுவென்று ஒரு தட்டுவடை. அதன்மேல் காரச் சட்னி ஒரு தீற்று, புதினாச் சட்னி ஒரு தீற்று, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒரு குவியல். அதன் தலையில் இன்னொரு தட்டுவடையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கித் தருவார்கள். பீட்ரூட்டும் கேரட்டும் எந்த டாக்டரும் ஆட்சேபிக்காத காய்கள். ஆகவே நான் அதை நடைப்பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதினேன். வாட்சுக்குக் காலடி எண்ணத்தான் தெரியும், வாய் அசைவை எண்ணத் தெரியாது என்பது அதன் ஒரே நல்ல குணம்.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் இருக்கிறார். அவருக்கும் அவர் பிள்ளை இதே மாதிரி வாட்ச் வாங்கித் தந்திருக்கிறது. தினமும் பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம் என்று கணக்குக் காட்டி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார். ஒருநாள் பார்த்தால், வாட்ச் அவர் பேரன் கையில் இருந்தது. பையன் தெருக்கோடி வரை ஓடி ஓடி வருகிறான். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1924-இல் பெல்காம் காங்கிரசில், கட்சி உறுப்பினராக வேண்டுமானால் மாதம் 2,000 கஜம் நூல் நூற்றுத் தர வேண்டும் என்று விதி போட்டார்கள். காந்தியே தலைமை வகித்த மாநாடு. நூற்க இஷ்டமில்லாதவர், வேறொருவர் நூற்ற நூலைக் கொடுக்கலாம் என்றும் அதே விதியில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். மறுவருஷமே நாலணாச் சந்தா கொடுத்தாலும் போதும் என்று விதி தளர்ந்துபோனது. மகாத்மாவே முன்னின்றும் தேசபக்தர்கள் ராட்டை முன் தினம் உட்காரவில்லை. வாத்தியார் பேரனிடம் வாட்சைக் கொடுத்தது எம்மாத்திரம்?

எத்தனை நாள் செய்தால் பழக்கமாகும் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. 21 நாள் என்பான் என் மகன். இந்த இருபத்தொன்றைக் கிளப்பிவிட்டவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் புது மூக்கைப் பார்த்துப் பழக ஏறக்குறைய மூன்று வாரமாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். 'ஆவது' எங்கேயோ உதிர்ந்துவிட்டது, மூக்கும் உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் மிஞ்சியது. பிறகு லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்து நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம், 18 நாளிலிருந்து 254 நாள் வரை இழுத்தது. நம்மூர்ச் சித்த வைத்தியர், மருந்தை ஒரு மண்டலம் சாப்பிடு என்று 48 நாள் சொல்லி, 21-க்கும் 66-க்கும் நடுவே பத்திரமாக நின்றுகொள்கிறார். அந்த லண்டன் ஆராய்ச்சியில் என் மனசுக்கு இதமான விஷயம் ஒன்று உண்டு: நடுவில் ஒருநாள் தவறிப்போனால் குடி முழுகிவிடாதாம். இதை அடிக்கோடிட்டு மகனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அது மேலே காட்டியதா கீழே காட்டியதா என்று கண்ணாடி போடாமல் தெரியவில்லை.

இப்படி இருக்கையில்தான் புதுச்சத்திரத்தில் ஒரு காதுகுத்து வந்தது. புதுச்சத்திரம் என் மாமனார் ஊர். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் ஹைவேயில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் மூக்காலேயே தெரியும், அத்தனை கோழிப்பண்ணை. என் மனைவியின் தம்பி, எனக்கு மாப்பிள்ளை முறை, அங்கே முட்டைக்கோழி வைத்திருக்கிறார். காலையில் கண் விழித்ததும் அவர் கும்பிடுவது செல்போனைத்தான். முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி அன்றைய முட்டை விலையைச் சொல்லியிருக்கும். அஞ்சு பைசா ஏறியிருந்தால் வீட்டில் எல்லோரிடமும் பேசுவார். இறங்கியிருந்தால் அவர் பேசுகிறவரை யாரும் அவரிடம் பேச மாட்டார்கள்.

காதுகுத்துக்கு முந்தின ராத்திரி பண்ணை வீட்டில் படுத்திருந்தோம். நல்ல தூக்கம். திடீரென்று ஜன்னல் பளீரென்றது. விடிந்துவிட்டதோ என்று எழுந்து பார்த்தால் மணி நாலு. வெளியே ஷெட்டுக்கு ஷெட்டு வரிசையாக லைட் எரிகிறது. உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே சமயத்தில் எழுந்து, கழுத்தைச் சிலிர்த்து, கூண்டுக்கு முன்னால் தீவனத் தொட்டியில் தலையை விட்டுக் கொத்த ஆரம்பித்தன. மழை பெய்கிற மாதிரி சத்தம். ஒரு கோழிகூடக் கொட்டாவி விடவில்லை. ஒரு கோழியும் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று அலாரத்தைத் தட்டவில்லை.

"என்ன மாப்ளே, நடுராத்திரியில?"

"டைமருங்க மச்சான். காலையில நாலுக்குப் போட்டா ராத்திரி எட்டுக்குத்தான் அணையும். பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டுனாத்தான் முட்டை சீரா வரும். பகல் வெளிச்சம் பத்தாதுங்க."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே கோழியின் அன்றாடத்தைச் சொன்னார். பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருஷத்துக்கு 300-க்கு மேலேயே இடும். வெளிச்சத்தை அது கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை; மண்டையோட்டைத் தாண்டி மூளைக்கே நேராக வெளிச்சம் இறங்குகிறது. குருட்டுக்கோழிக்கும் விடிந்தது தெரியும். என் மண்டைக்கு அந்த வசதி இல்லை என்பதை என் மனைவி நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறாள்.

கூண்டின் கம்பிவலைத் தரை முன்பக்கம் சரிவாக இருக்கிறது. இடுகிற முட்டை உருண்டு வந்து வெளியே வாய்க்கால் மாதிரி இருக்கும் விளிம்பில் நின்றுகொள்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக, மேலே லேசான ஈரம் உலராமல் இருந்தது. பக்கத்துக் கூண்டு விளிம்பு காலியாக இருந்தது.

"இது ஏன் மாப்ளே இடலை? உடம்பு சரியில்லையா?"

"அதுக்கு இன்னைக்கு லீவுங்க."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். விஷயம் இதுதான்: ஒரு முட்டை உள்ளே உருவாகிச் சுண்ணாம்பு ஓடு ஏறி வெளியே வர ஒரு நாளைவிடக் கொஞ்சம் கூட ஆகிறது; ஏறக்குறைய 25 மணி நேரம். ஓடு கட்டவே இருபது மணி நேரம் போய்விடும். அதனால் இன்று காலை எட்டு மணிக்கு இட்டால் நாளைக்கு ஒன்பது, மறுநாள் பத்து என்று தள்ளித் தள்ளிப் போய், ஒருநாள் பிற்பகல் ஆகிவிடும். அப்புறம் ஒருநாள் இடாது. அதற்கு மறுநாள் மறுபடியும் காலையிலிருந்து தொடங்கும். நாமக்கல்லில் தினம் கோடிக்கணக்கில் முட்டை வருகிறது. லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிறது, சத்துணவுக் கூடத்துக்குப் போகிறது, கப்பலேறுகிறது. அத்தனையும் இப்படி நடுநடுவே லீவு போடுகிற ஊழியர்களை வைத்துத்தான் நடக்கிறது. லீவு போட்ட கோழியை மாப்பிள்ளை கண்டிக்கவில்லை. அதுவும் மனம் நொந்து டைரி எழுதவில்லை. மறுநாள் லைட்டைப் போட்டால் எழுந்துகொள்கிறது.

பார்க்கப்போனால் எங்கள் அப்பாவும் டைரி எழுதியதில்லை. அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர். நான் பையனாக இருந்தபோது தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நூலை விரித்து, கவட்டைக் குச்சிகளில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சியைத் தோய்த்துப் பெரிய பிரஷ்ஷால் நீவிக்கொண்டே ஒரே சீராக நகர்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஏறிவிட்டால் நூல் விறைத்து, தறியில் ஏற்றியதும் பட் பட்டென்று அறும். அதனால் இருட்டோடு தெருவே எழுந்துவிடும். எழாதவன் வீட்டுக் கதவை நாலு பேர் தட்டுவார்கள். அவனுக்கு நாளைக்குப் பாவு போட இதே நாலு பேர்தான் வர வேண்டும். அப்பா அதிகாலையில் எழுகிறவர், ஒழுக்கசீலர் என்று ஊரில் பேர். கஞ்சி போடாத நாளில் அவர் எட்டு மணிவரை தூங்கியது எங்களுக்குத்தான் தெரியும்.

சேலம் திரும்பும்போது காரில், காதுகுத்துக்கு வந்திருந்த மகனிடம் இதையெல்லாம் சொல்லி, பழக்கம் மனசில் இல்லை, சுவிட்சில் இருக்கிறது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். ஆதாரமாக ராஜாஜியைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்தார். குடியை ஒழிக்க அங்கிருந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையே நடத்தினார். துணைக்கு யார்? கல்கி. இதைவிட நல்ல எழுத்துக்கு எங்கே போவது? ஆனாலும் பத்து இதழோடு பத்திரிகை நின்றது. 1937-இல் ஆட்சி கைக்கு வந்தபோது ராஜாஜி பதினோராம் இதழ் போடவில்லை. அக்டோபர் 1-ஆம் தேதி முதல் சேலம் மாவட்டத்தில் கடையையே மூடினார். நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பெரிய மாவட்டம். மாகாணத்திலேயே மதுவிலக்கு முதலில் வந்தது இங்கேதான். குடிக்காதே என்று சொல்வது டைரி. கடையைத் தூக்குவது சுவிட்ச்.

"அப்புறம் என்னப்பா ஆச்சு?" என்றான் மகன்.

அப்புறம் ஆனதைச் சொன்னால் என் கட்சிக்கு அவ்வளவு சாதகமில்லை. சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். மதுவிலக்கு பிறகு போனது, வந்தது, மறுபடி போனது. வரி மட்டும் ஒருநாள்கூட லீவு போடாமல், ஜிஎஸ்டி என்று பேரை மாற்றிக்கொண்டு, நான் வாங்கும் பிஸ்கட் பாக்கெட் வரை வந்து நிற்கிறது. நாட்டிலேயே உறுதியாகப் பதிந்துவிட்ட நல்ல பழக்கம் இதுதான் என்றேன். மகன் சிரித்தான். பின்சீட்டில் இருந்த என் மனைவி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் ஏதோ சட்டம் தயாராகிறது என்று பொருள்.

திங்கட்கிழமை காலையில் காபி வரவில்லை.

"பால்காரர் வரலையா?"

"நிறுத்திட்டேனுங்க. பூத்துல அஞ்சரைக்குப் பால் வந்துருமாமா. ஆறரைக்கு மேல போனா தீர்ந்துபோகுமாமா. காபி வேணும்னா நீங்களே போய் வாங்கியாங்க." கையில் பையைத் திணித்தாள். "ராஜாஜி கடையை மூடுனாரு. நான் பால்காரரை நிறுத்தியிருக்கேன். அவ்வளவுதான்."

காபிக்காக மனிதன் எதுவும் செய்வான். பூத் ஒரு கிலோமீட்டருக்கு மேல். வாட்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். பால் பாக்கெட் கையில் இருந்தால் காலடி எண்ணத் தோன்றவில்லை. அங்கே தினம் அதே முகங்கள். இட்லிக்கடை போடுகிற ஓர் அம்மா. வெள்ளிப்பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிற பையன். நைட் டூட்டி முடித்து வருகிற செக்யூரிட்டி. பால் வண்டி தாமதமானால் பேச்சு ஓடும். அந்த இட்லிக்கடை அம்மா ஒருநாள், "சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவருதானே, இதை எழுதிக் குடுங்களேன்" என்று முந்தானையிலிருந்து மடித்த பேங்க் ஃபாரம் ஒன்றை எடுத்தது. பூத் திட்டின்மேல் வைத்து எழுதினேன். மறுநாள் செக்யூரிட்டிக்குப் பென்ஷன் விண்ணப்பம். அடுத்து யாருக்கோ ரேஷன் கார்டில் பேர் சேர்க்கணும். முப்பது வருஷமாக நான் ஆபீசில் திருப்பி அனுப்பிய ஃபாரங்களில் எந்தக் கட்டத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது சட்டைப்பையில் இரண்டு பேனாவோடுதான் பால் வாங்கப் போகிறேன். ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் "என்ன சார், நேத்து காணோம்?" என்று நாலு வாய் கேட்கும். மகன் வாங்கித் தந்த வாட்ச் என்னை ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை.

டைரியில் மிஞ்சிய பக்கங்களில் என் மனைவி பூத் கணக்கு எழுதுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல தூறல். ஏற்காட்டு மலைப்பக்கம் மேகம் இறங்கி, போர்வைக்குள் இருப்பதே தர்மம் என்று தோன்றுகிற காலை. பை தலைமாட்டில் வந்து விழுந்தது.

"இன்னைக்கு லீவு" என்றேன், கண்ணைத் திறக்காமலே. "உன் தம்பி பண்ணையிலேயே நடுவுல ஒருநாள் லீவு உண்டு. கோழிக்குக் கொடுக்கிறதை எனக்குக் கொடுக்கக் கூடாதா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. வாதத்தில் ஜெயித்துவிட்டோம் என்று போர்வையை இழுத்துப் போர்த்தினேன்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக, "எழுவத்தஞ்சு, எம்பது வாரமாச்சுன்னா அந்தக் கோழியை என்ன பண்ணுவோம்னு எந்தம்பி சொல்லலையா? லீவு சாஸ்தியாயிருச்சுன்னா எடை போட்டு, கிலோ இவ்வளவுன்னு லாரியில ஏத்தி விட்ருவாங்க."

குடை எங்கே என்று கேட்டேன்.